இடிக்கு முன்னே எர்த் கம்பி

*மடுல்கெல்ல மலைப்பக்கத்து வீடுகளில் பாட்டுச் செட்டையும் டிவியையும் எது காப்பாற்றும்?*

ஒக்டோபர் மாதத்துப் பிற்பகல். காலை முழுக்கக் காய்ந்த வெயில் மதியத்தோடு சுருங்கிவிட, நக்கிள்ஸ் மலைகளின் பக்கம் கருமுகில் திரண்டு நிற்கிறது. முதல் இடி உச்சியில் வெடித்துப் பள்ளத்தாக்கு வழியே உருண்டு, ஹுலுகங்கைப் பக்கம் போய் அடங்குகிறது. கொழுந்து மலையில் நிற்கும் பெண்கள் படங்கை இறுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். கொழுந்து நிறுக்க இன்னும் நேரமிருக்கிறது. கீழே லயத்தில், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை ஒன்று ஓடிப்போய்ச் சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்குகிறது. டிவியின் சிவப்பு விளக்கு அணைகிறது. பக்கத்திலிருக்கும் பாட்டுச் செட்டின் நீல விளக்கும் அணைகிறது. தகரக் கூரைக்கு மேல் நிற்கும் டிஷ்ஷிலிருந்து ஜன்னல் வழியாக இறங்கும் கறுப்பு வயர் மட்டும் பெட்டியோடு இணைந்தபடியே கிடக்கிறது. அதையும் கழற்ற வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

மடுல்கெல்ல, பன்விலை, வத்தேகம என்று கண்டிக்கு வடகிழக்கே ஏறிப்போகும் பாதையெங்கும் மழைக்காலம் தொடங்கினால் இதுதான் பேச்சு. யார் வீட்டு டிவி போனது, எந்த லயத்தில் மூன்று செட் ஒரே நேரத்தில் எரிந்தது, எந்தக் கடையில் விற்கும் ‘சர்ஜ் ப்ரொடெக்டர்’ நல்லது. கடைக்காரர் ஒரு நீளமான மல்டி ப்ளக்கை எடுத்து மேசையில் வைப்பார். அதில் சின்ன விளக்கு எரியும். இனி இடியைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்வார். இந்தக் கட்டுரை அந்த வார்த்தையோடுதான் மல்லுக்கு நிற்கிறது. பாட்டுச் செட்டைக் காப்பதில் நாம் காசு கொடுத்து வாங்கும் பெட்டிக்கு மூன்றாம் இடந்தான். முதலிடம் நிலத்துக்குள் இறங்கும் எர்த் கம்பிக்கு. இரண்டாமிடம், செட்டுக்குள் நுழையும் வயர்கள் எல்லாம் ஒரே இடத்தில் அந்த எர்த்தைச் சந்திக்கின்றனவா என்பதற்கு. இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் காசு செலவழிப்பதால்தான், ப்ரொடெக்டர் வாங்கிய வீட்டிலும் செட் எரிகிறது.

ஒரே பெயரில் மூன்று ஆபத்து

கரண்ட் கூடிப் போய்விட்டது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் செட்டை எரிப்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று சங்கதிகள். முதலாவது மின்னல். அது வீட்டின் மேலேயே விழ வேண்டியதில்லை. அடுத்த மலையில் விழுந்தாலும், பல நூறு மீட்டர் நீளத்துக்கு வெட்டவெளியில் ஓடும் மின்கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தூண்டிவிடும். அதன் ஆயுள் மைக்ரோ செக்கன் கணக்கில்தான். சராசரி மின்னல் ஒன்றின் முதல் வீச்சு ஏறத்தாழ 30,000 ஆம்பியர் என்றால், அதன் எதிரொலி எத்தனை தூரம் போகும் என்று ஊகித்துக்கொள்ளலாம். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் வரும் இரண்டு இடைப்பருவங்களே மலைநாட்டின் இடிக்காலம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மின்னல் எச்சரிக்கைகள் அடுக்கடுக்காக வருவதும் அப்போதுதான்.

இரண்டாவது, போன கரண்ட் திரும்பி வரும் நேரம். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதாகச் சொல்லப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதுமே இருண்டது. விக்டோரியா அணைக்கட்டின் 210 மெகாவோட் நிலையம் நம் மாவட்டத்தில் இருக்கிறதே என்பதால் கண்டிக்கு அன்று சலுகை எதுவும் கிடைக்கவில்லை. கரண்ட் போகும்போது செட்டுக்கு ஆபத்து குறைவு. திரும்பி வரும்போது அது ஒரே சீராக வருவதில்லை. வந்து, போய், ஏறி, இறங்கித்தான் நிலைக்கும்.

மூன்றாவதுதான் மிகக் கொடியது. ஆனால் அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. கம்பத்தில் வரும் நியூட்ரல் கம்பி அறுந்துபோவது. நமது வீடுகளுக்கு 230 வோல்ட் கிடைப்பதே மூன்று பேஸ் கம்பிகளுக்கும் ஒரு நியூட்ரலுக்கும் இடையிலுள்ள கணக்கினால்தான். மரக்கிளை விழுந்தோ, இணைப்புத் துருப்பிடித்தோ நியூட்ரல் விட்டுப்போனால், வெவ்வேறு பேஸில் இருக்கும் வீடுகள் தமக்குள் 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கேத்தலும் இஸ்திரிப் பெட்டியும் ஓடும் வீட்டில் விளக்கு மங்கும். வெறும் டிவியும் செட்டும் மட்டும் இருக்கும் வீட்டில் விளக்கு பளீரென்று எரியும். அந்தப் பளீர் வெளிச்சம் நல்ல சகுனமல்ல. உடனே மெயின் சுவிட்ச்சை இறக்க வேண்டும் என்பதற்கான அடையாளம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலும் அதன் மண்சரிவுகளும் கண்டி மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, சாய்ந்த கம்பமும் அவசர இணைப்பும் இங்கே யாருக்கும் புதிய காட்சியல்ல. அதனால் இந்த மூன்றாம் ஆபத்தைத் தள்ளிவைத்துவிட்டு ப்ரொடெக்டரைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

> பெட்டிச் செய்தி: சில எண்கள்
>
> வீட்டுக்கு வரவேண்டிய அழுத்தம் 230 வோல்ட். கூடக் குறைய 6 சதவீதம். அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை.
>
> 230 வோல்ட் மாறுமின்னழுத்தத்தின் உச்சி 325 வோல்ட். புதிய செட்டுகளின் மின்வழங்கிக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட்டுக்கே செய்யப்பட்டது. நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் வந்தால் அதன் உச்சி 565. கெப்பாசிட்டர் வெடிப்பது இதனால்தான்.
>
> சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் கணக்குப்படி சாதாரண வீட்டுச் சாதனம் 2500 வோல்ட் கணநேர அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். நுண்ணிய மின்னணுச் சாதனத்திடம் 1500 வோல்ட்டே எதிர்பார்க்கப்படுகிறது.

எந்தப் பெட்டி எதைத் தடுக்கும்?

கடையில் விற்கும் ப்ரொடெக்டர் மல்டி ப்ளக்கைப் பிரித்தால், உள்ளே நீலம் அல்லது மஞ்சள் நிறத்தில் ஒரு சதத்தைவிடப் பெரிய வட்டத் தட்டு இரண்டோ மூன்றோ இருக்கும். வேரிஸ்டர் என்று பெயர். துத்தநாக ஒக்சைட்டை அழுத்திச் சுட்டுச் செய்த வில்லை. சாதாரண அழுத்தத்தில் அது கரண்டை விடாது. அழுத்தம் எல்லை மீறும்போது கணப்பொழுதில் வழிவிட்டு, வந்த வேகத்தை வேறு கம்பிக்குத் திருப்பிவிடும். நமது 230 வோல்ட்டுக்குப் பொருத்தமான வில்லையின் மேல் 431 என்ற இலக்கம் இருக்கும். 275 வோல்ட் வரை அது சும்மா இருக்கும். ஓரளவு பெரிய வீச்சு வரும்போது 700 வோல்ட் அளவில் கட்டிப் பிடிக்கும். செட்டின் தாங்குசக்தியோடு ஒப்பிட்டால் இது நல்ல காவல்தான். ஆனால் இரண்டு குறைகள் உண்டு. ஒவ்வொரு வீச்சிலும் அது கொஞ்சம் தேய்கிறது. சில வருடம் கழித்து உள்ளே வெறும் தட்டுத்தான் இருக்கும், வெளியே விளக்கு வழக்கம்போல எரிந்துகொண்டிருக்கும். கரண்ட் இருக்கிறது என்பதை மட்டும் காட்டும் விளக்கும், காவல் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதைக் காட்டும் விளக்கும் வேறு வேறு. வாங்கும்போது கேட்கவேண்டியது இரண்டாவதைத்தான். அடுத்த குறை இன்னும் பெரியது. வேரிஸ்டர் மைக்ரோ செக்கன் வேலையாள். நியூட்ரல் அறுந்து நிமிடக்கணக்கில் 400 வோல்ட் வந்தால் அது சூடேறி எரியும். உள்ளே வெப்பத்தில் அறுபடும் பியூஸ் இல்லாத மலிவான மல்டி ப்ளக் அந்த நேரத்தில் செட்டைக் காக்காதது மட்டுமல்ல, தீயையும் மூட்டலாம்.

அந்த மூன்றாம் ஆபத்துக்கு மருந்து, நாம் ‘டிவி கார்ட்’, ‘ஃப்ரிஜ் கார்ட்’ என்று சொல்லும் சாதனம். அழுத்தம் 260, 270 வோல்ட் அளவைத் தாண்டினால் துண்டித்துவிடும். கரண்ட் போய்த் திரும்பினால் சிறிது நேரம் காத்திருந்து, சீரான பிறகே இணைக்கும். இரண்டாம் ஆபத்துக்கும் இந்தக் காத்திருப்புத்தான் மருந்து. பாட்டுச் செட்டுக்கு டிவி கார்ட்டே போதும். ஃப்ரிஜ்ஜுக்குச் செய்யப்பட்டது மோட்டாரின் தேவைக்காகக் கூடிய நேரம் காத்திருக்கும். செட்டுக்குக் கெடுதல் இல்லை, பொறுமைதான் வேண்டும். வாங்கும்போது அந்தச் சாதனமே 400 வோல்ட்டுக்கு மேல் தாங்குமா என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். காவல்காரன் முதலில் எரிந்துபோனால் என்ன பயன்? ஆனால் கார்ட்டின் ரிலே அசைவதற்குள் மின்னல் வந்து போய்விடும். ஆகவே கார்ட் வேரிஸ்டருக்குப் பதிலாகாது, வேரிஸ்டர் கார்ட்டுக்கும் பதிலாகாது. ஒரு வீட்டில் இரண்டும் வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்த ஒன்று வேண்டும்.

ஸ்டெபிலைசரைப் பற்றிய நம்பிக்கையும் ட்ரிப் சுவிட்ச்சைப் பற்றிய நம்பிக்கையும் இங்கே ஆழமாக வேரோடியவை. ஸ்டெபிலைசர் மெதுவாக ஏறி இறங்கும் அழுத்தத்தைச் சரிசெய்யும். மின்னலின் வேகத்துக்கு அது ஆமை. ட்ரிப் சுவிட்ச் மனிதரைக் காக்கப் பிறந்தது. போன கரண்டும் திரும்பிய கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டால் விழும். அழுத்தம் எவ்வளவு என்று அது பார்ப்பதே இல்லை. இடி நேரத்தில் அது விழுந்திருப்பதைப் பார்த்து ‘நல்லவேளை’ என்று மூச்சு விடுகிறோம். அது விழுந்தது, வீச்சு கடந்து போன பிறகு.

வழி எங்கே முடிகிறது?

இனி எர்த். இலங்கையில் மின்சார சபை பேஸையும் நியூட்ரலையும் தருகிறது. எர்த்தை வீட்டுக்காரரே தன் நிலத்தில் கம்பி இறக்கிச் செய்துகொள்ள வேண்டும். இந்தச் சின்ன விவரத்தில்தான் மலைநாட்டின் தலைவிதி தொங்குகிறது. வேரிஸ்டர் மின்னலை விழுங்குவதில்லை, திருப்பிவிடுகிறது. திருப்பிவிட்ட தண்ணீர் ஓடுவதற்குக் கான் வெட்டாத லயத்தில் பீலி மட்டும் மாட்டி என்ன செய்வது? எர்த் இல்லாத வீட்டில் ப்ரொடெக்டரின் மூன்று தட்டுகளில் இரண்டு வேலையில்லாமல் இருக்கும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலுள்ள ஒன்று மட்டும் உழைக்கும். மின்னலின் தூண்டலோ பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்தே தூக்குகிறது. அப்போது அந்த ஒற்றைத் தட்டுக்கு இரு பக்கமும் ஒரே உயரம். அது எதையும் உணராது. தூக்கப்பட்ட அழுத்தம் வேறு வழி தேடி, டிஷ் வயர் வழியாகவோ ஸ்பீக்கர் வயர் வழியாகவோ செட்டுக்குள் புகுந்து வெளியேறும்.

எர்த் இருக்கிறதா என்பதை ட்ரிப் சுவிட்ச்சின் ‘டெஸ்ட்’ பொத்தானை அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. அது தவறு. அந்தப் பொத்தான் சுவிட்ச்சுக்குள்ளேயே ஒரு சின்னக் கசிவை உண்டாக்குகிறது; எர்த் கம்பி அறுந்து புல்லுக்குள் கிடந்தாலும் சுவிட்ச் விழும். இன்னொரு மயக்கமும் உண்டு. 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்ய, எர்த்தின் தடை 1600 ஓம் இருந்தால்கூடக் கணக்குப்படி போதும். அதனால் ஆளைக் காப்பதற்குப் போதுமான எர்த், செட்டைக் காப்பதற்குப் போதுமான எர்த் ஆகிவிடாது. மின்னலின் ஆயிரக்கணக்கான ஆம்பியருக்குப் பத்து ஓம் அளவிலான எர்த் தேவை என்று பொறியியலாளர்கள் சொல்வார்கள். மடுல்கெல்ல போன்ற இடத்தில் மேலே ஒன்றிரண்டு அடி மண்ணும் கீழே பாறையும் சரளையும். நான்கடிக் கம்பி ஒன்றை அடித்துவிட்டு அந்த எண்ணை எட்டுவது லேசில்லை. கம்பியின் நீளத்துக்காவது இடைவெளி விட்டு இரண்டு மூன்று கம்பிகளை அடித்து ஒன்றாக இணைப்பது, பாறை தடுத்தால் செம்புப் பட்டையை ஈரமான பக்கமாகக் கிடையாகப் புதைப்பது, குழியில் பெண்டோனைட் களிமண் நிரப்புவது எல்லாம் வழக்கமான வழிகள். உப்பும் கரியும் போடும் பழைய முறை முதல் இரண்டு மழைக்கு நன்றாக இருக்கும். பிறகு உப்பு கரைந்து ஓடிவிடும், கம்பியையும் அரித்துவிட்டுத்தான் போகும்.

கம்பியின் நீளமும் எதிரி. மின்னல் வேகத்தில் மாறும் கரண்டுக்கு ஒவ்வொரு மீட்டர் வயரும் ஒரு தடைச்சுவர். ஒரு மீட்டருக்கு 1000 வோல்ட் வரை எழும் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். மெயின் பெட்டியில் பொருத்தும் பெரிய ப்ரொடெக்டரின் இணைப்பு வயர்கள் மொத்தம் அரை மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேச விதி சொல்வது இதனால்தான். அழகுக்காக வயரைச் சுருட்டி மடித்து வைக்கும் வயரிங் பாஸ் நல்ல மனதோடு தவறு செய்கிறார்.

> பெட்டிச் செய்தி: பெட்டியின் முதுகில் என்ன பார்ப்பது?
>
> தாங்கும் தொடர் அழுத்தம் 275 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அழுத்தம் அடிக்கடி ஏறும் லைனில் 320 ஆனது நீண்ட நாள் உழைக்கும், ஆனால் கட்டிப் பிடிக்கும் உயரமும் கூடும்.
>
> விட்டுவைக்கும் அழுத்தம் 1.5 கிலோவோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.
>
> மெயின் பெட்டிக்கு ‘டைப் 2’, செட்டுக்குப் பக்கத்தில் ‘டைப் 3’. நமது எர்த் முறைக்கு, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வேரிஸ்டரும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வாயுக் குழாயும் உள்ள ‘1+1’ வகையே பொருத்தம்.
>
> கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் அனுப்பிய மல்டி ப்ளக்கில் 120 வோல்ட், 330 வோல்ட் என்று எழுதியிருந்தால் அதைச் செருகவே கூடாது. அது அந்த நாட்டு அழுத்தத்துக்குச் செய்யப்பட்டது. நமது லைனில் எரிந்துவிடும்.
>
> வட்ட முள், சதுர முள், இரண்டு முள் எல்லாம் ஏற்கும் மலிவு அடப்டர்கள் பலவற்றில் எர்த் முள் எதையும் தொடுவதில்லை. 13 ஆம்பியர் சதுர முள் செருகியே நல்லது.

பின்வாசல்

ஒரு ஹோம் தியேட்டர் செட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் கரண்ட் வயர் ஒன்றுதான். மற்ற வயர்கள் ஐந்தாறு. டிஷ் பெட்டியிலிருந்து டிவிக்கு ஒரு எச்.டி.எம்.ஐ. வயர், டிவியிலிருந்து செட்டுக்கு ஒன்று, இன்டர்நெட் ரவுட்டரிலிருந்து ஒன்று, ஸ்பீக்கர்களுக்கு நீளமான வயர்கள். கரண்ட் வாசலுக்கு மட்டும் காவல் போட்டுவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. கூரைமேல் நிற்கும் டிஷ் ஒரு உலோகத் தட்டு. அதிலிருந்து இறங்கும் வயரின் வெளிப்பின்னல் நேராகச் செட்டின் உடம்போடு இணைகிறது. பக்கத்தில் விழும் இடியின் அழுத்தம் டிஷ் வழியாக வந்து, எச்.டி.எம்.ஐ. வயரைத் தாண்டி, செட்டின் கரண்ட் வயர் வழியாக வெளியேறப் பார்க்கும். அதன் பாதையில் இருக்கும் மெல்லிய சில்லுகள்தான் முதலில் சாகும். கரண்ட் இருக்கிறது, விளக்கு எரிகிறது, ஆனால் டிவியிலிருந்து செட்டுக்குச் சத்தம் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் கதை இதுதான்.

இதற்குச் சிலர் டிஷ்ஷுக்கென்று தனியாக ஒரு கம்பி அடித்து எர்த் செய்துவிடுகிறார்கள். நல்ல நோக்கம், விபரீத விளைவு. இடி நேரத்தில் நிலத்தின் இரண்டு இடங்கள் ஒரே அழுத்தத்தில் இருப்பதில்லை. பத்து மீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு எர்த் கம்பிகளுக்கிடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் எழும். அந்த வித்தியாசத்தைச் சமன்செய்யும் பாலமாகச் செட் மாறிவிடும். தனிக் கம்பி அடிப்பது தப்பல்ல. அதை வீட்டின் மெயின் எர்த்தோடு தடித்த செம்புக் கம்பியால் இணைக்காமல் விடுவதுதான் தப்பு. டிஷ் வயருக்கான சின்ன ப்ரொடெக்டரும் கரண்ட் ப்ரொடெக்டரும் ஒரே இடத்தில், ஒரே எர்த்தில் நிற்க வேண்டும். அப்போது இடி எல்லாக் கம்பிகளையும் சேர்த்துத் தூக்கினாலும் செட்டுக்குள் வித்தியாசம் எழாது. மின்காப்பில் பாதி வேலை அழுத்தத்தைக் குறைப்பதல்ல, வித்தியாசத்தைக் குறைப்பது.

இந்த விஷயத்தில் பழைய செட் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். கனமான ட்ரான்ஸ்ஃபோமரோடு வந்த பழைய அம்ப்புகள் கண நேர வீச்சைச் செம்புக்கும் இரும்புக்கும் நடுவே ஓரளவு தாங்கிக்கொள்ளும். இன்றைய சவுண்ட் பாரும் புளூடூத் செட்டும் எடை குறைந்து, விலை குறைந்து, காதுக்கும் நன்றாக இருக்கின்றன. ஆனால் அவற்றின் மின்வழங்கி லைனிலிருந்து நேரடியாகக் கெப்பாசிட்டருக்குப் போகிறது. தேயிலை மலையில் பாட்டுக் கேட்பவருக்கு இந்த முன்னேற்றத்தால் காவலின் தேவை கூடியிருக்கிறது.

மறுப்புகள்

“ப்ளக்கைக் கழற்றிவிட்டால் போச்சு, இத்தனை எதற்கு?” என்று கேட்பவர்களிடம் பாதி உண்மை இருக்கிறது. கழற்றிவைத்த செட்டைவிடப் பாதுகாப்பான செட் எதுவுமில்லை. எந்த விலையுள்ள பெட்டியும் அதற்கு ஈடாகாது. சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. இடைப்பருவத்து இடி மதியத்துக்குப் பிறகு வருகிறது. அந்த நேரத்தில் பெரியவர்கள் மலையில். வீட்டில் இருப்பது பாட்டியும் பள்ளிப் பிள்ளையும். இடி தொடங்கிய பிறகு ஓடிப்போய் ப்ளக்கைத் தொடுவது செட்டைக் காக்கலாம், தொட்ட கையைக் காக்கும் என்று சொல்ல முடியாது. இடி நேரத்தில் மின்சாரத்தோடு இணைந்த பொருட்களைத் தொடாதீர்கள் என்றுதான் வளிமண்டலவியல் திணைக்களமும் சொல்கிறது. எனவே கழற்றுவதென்றால் காலையில் மலைக்குப் போகும் முன் கழற்ற வேண்டும், டிஷ் வயரையும் சேர்த்து. கழற்றிய வயரின் முனையைச் செட்டின் மேலேயே போட்டுவைக்கக் கூடாது, தள்ளி வைக்க வேண்டும். இதைப் பழக்கமாக்கிக்கொள்ளும் வீட்டுக்கு டைப் 3 பெட்டி அவசரமில்லை என்று தயங்காமல் சொல்லலாம். கடைக்காரருக்கு இது பிடிக்காது.

நேராக விழுந்தால் எதுதான் தாங்கும் என்பது இன்னொரு மறுப்பு. எதுவும் தாங்காதுதான். ஆனால் வீட்டின் மேலேயே விழுவது அரிது. தூரத்து இடியும், திரும்பி வரும் கரண்டும், அறுந்த நியூட்ரலும் அன்றாடம். அரிதானதைத் தடுக்க முடியாது என்பதற்காக அன்றாடத்தை விட்டுவிட வேண்டியதில்லை. இசைப்பிரியர்களிடமிருந்து வரும் மறுப்பு வேறு வகை. ப்ரொடெக்டர் போட்டால் சத்தத்தின் உயிர் போய்விடும் என்பார்கள். இன்னொரு பக்கம், பெரும் விலைக்கு விற்கும் ‘பவர் கண்டிஷனர்’ போட்டால் சத்தம் மெருகேறும் என்று விளம்பரம் சொல்லும். இரண்டையும் ஒரே கூடையில் போடலாம். வேரிஸ்டர் சாதாரண நேரத்தில் கரண்டின் பாதையில் குறுக்கே நிற்பதில்லை, பக்கத்தில் நிற்கிறது. அது கெடுப்பதற்கோ மெருகேற்றுவதற்கோ எதுவுமில்லை. வீட்டில் கேட்கும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலும், செட்டின் உலோக உடம்பைத் தொட்டால் வரும் சுர்ரென்ற உணர்வும் பெரும்பாலும் எர்த் இல்லாததன் அறிகுறிகள். கண்டிஷனருக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை எர்த்துக்குக் கொடுத்தால் இரைச்சலும் குறையும், செட்டும் தப்பும்.

யாருடைய கம்பி?

இதுவரை சொன்னது, சொந்த வீடும் சொந்த மீட்டரும் உள்ளவருக்குச் சுலபம். என்.வி.கியூ. தகைமையுள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த்தை அளந்து, மெயின் பெட்டியில் டைப் 2 ஒன்று, டிவி கார்ட் ஒன்று என்று முடித்துவிடலாம். லயத்தில் இருப்பவர் என்ன செய்வார்? வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்கள், ஒரே கூரை, காலங்காலமாக ஒட்டுப்போட்ட வயரிங். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். 1992 இல் தோட்ட நிர்வாகம் கொம்பனிகளின் கைக்குப் போனபோதும், அரச நிறுவனங்களின் கீழ் எஞ்சிய கண்டி, மாத்தளைத் தோட்டங்களிலும், குடியிருப்பவருக்குத் தன் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கும் உரிமைகூடத் தெளிவாக இருந்ததில்லை. செட் அவருடையது, செட்டுக்கான தவணை அவருடையது; செட்டைக் காக்கும் கம்பி அவருடையதல்ல. 2021 இல்தான் ஆயிரம் ரூபாவையே எட்டிய நாட்சம்பளத்தில் தவணை கட்டி வாங்கிய டிவி, மூன்றாம் மாதம் எரிந்தாலும் தவணை நிற்பதில்லை. மின்னலாலும் அழுத்த ஏற்றத்தாலும் வரும் சேதத்தை உத்தரவாத அட்டைகள் பெரும்பாலும் சின்ன எழுத்தில் விலக்கி வைத்துவிடுகின்றன. வாங்கும் நாளில் அந்தச் சின்ன எழுத்தை வாசித்துக் காட்டும் கடை எது?

பக்கத்து வீட்டின் அலட்சியம் நம் வீட்டுச் செட்டை எரிக்கும் இடமும் லயந்தான். ஒரே கூரைத் தகரத்தில் நாலு டிஷ், நாலு வயர், ஒவ்வொன்றும் வேறு வேறு காம்பராவுக்குள் இறங்குகிறது. ஒரு காம்பராக்காரர் மட்டும் நல்ல ப்ரொடெக்டர் வாங்கி வைப்பதால் இங்கே ஆகப்போவது குறைவு. லயத்துக்கு ஒரு முறையான எர்த், அதோடு இணைந்த ஒரு டைப் 2 ப்ரொடெக்டர், எல்லா டிஷ்களையும் அதே எர்த்தோடு கட்டும் ஒரு செம்புக் கம்பி என்று சேர்ந்து செய்தால்தான் பயன். செலவைப் பங்கு போட்டால் தலைக்கு விழுவது ஒரு மலிவு மல்டி ப்ளக்கின் விலைக்குப் பக்கமாகவே இருக்கும். இலங்கையிலும் பங்களாதேஷிலும் மின்னல் விபத்துகளை ஆராய்ந்த பேராசிரியர் சந்திம கோமஸ் போன்றவர்கள், தெற்காசியாவில் ஏழை வீடுகளுக்கு ஏற்ற மின்னல் பாதுகாப்பைப் பற்றித் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். அவர்களின் அக்கறை முதலில் உயிரைப் பற்றியது, செட்டைப் பற்றியதல்ல. ஆனால் இரண்டுக்கும் தேவையான கம்பி ஒன்றுதான்.

தோட்டங்களில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் இதை முதலிலேயே செய்திருக்கலாம். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 4000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலதிக 10,000 வீடுகளும், ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி மீட்டரோடு எழும் வீடுகள். அத்திவாரம் தோண்டும்போதே செம்புப் பட்டையைக் கிடையாகப் போட்டுவிட்டால் கூடுதல் செலவு சொற்பம். வீடு எழுந்த பிறகு பாறையில் கம்பி அடிக்கப் பல மடங்கு. புதிய இணைப்புக்கு மின்சார சபை கேட்கும் வயரிங் பரிசோதனை அறிக்கையில் எர்த்தின் தடையையும் குறிக்கிறார்கள். வீடு பெறுபவர் அந்தத் தாளின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, அந்த எண் 10 இன் பக்கமா 1000 இன் பக்கமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அழுத்தம் அடிக்கடி 244 ஐத் தாண்டினாலோ நியூட்ரல் பழுதென்று சந்தேகம் வந்தாலோ, திகதியும் நேரமும் எழுதி மின்சார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். அங்கே தீராவிட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். வாயால் சொன்ன முறைப்பாட்டுக்குப் பதிவு இராது.

பழைய லயங்களுக்கு அத்தகைய தாள் எதுவும் கையில் இல்லை. எர்த் தடையை அளக்கும் கருவியோடு ஒரு ஆள் வந்தால் ஒரு லயத்தை அளந்து முடிக்க அரை நாள் தாராளம். தோட்டத்துக்குத் தோட்டம் மரண உதவிச் சங்கம் இருக்கிறது, கோயில் கமிட்டி இருக்கிறது, தொழிற்சங்கக் கிளை இருக்கிறது. திருவிழாவுக்கு ஒலிபெருக்கி பிடிக்கக் காசு சேர்க்கும் அதே கொப்பியில், மார்ச் மாத இடி தொடங்கும் முன்னால், எர்த் அளக்கும் ஆளின் கூலிக்கும் ஒரு பக்கத்தை ஒதுக்கலாம். அளந்து வந்த எண்களோடு தோட்டத் துரையிடம் போய்க் கேட்பது வெறும் வாயோடு போய்க் கேட்பதைவிட எளிது.